இணையத்தளத்துக்கு நிறம் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சிறு கடைகள், துணைப்பாட நிலையங்கள், வீட்டிலிருந்தே சமைத்து விற்பவர்கள், ஒன்றிரண்டு சமூக அமைப்புகள்: இவர்களுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். விலை, படங்கள், தொடர்பு எண் எல்லாவற்றையும் கால் மணி நேரத்தில் பேசி முடித்துவிடுவோம். நிறம் என்று வந்துவிட்டால் டீ ஆறிப்போகும். வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே.

முதலில் எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது?

எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் வரைவு கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகியவற்றிலேயே இருக்கட்டும். தலைப்பு எது, படிக்க வேண்டியது எது, அழுத்த வேண்டிய பொத்தான் எது என்பது அந்த மூன்றிலேயே விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. விளங்கவில்லை என்றால் எந்த நிறம் வந்தும் அதைக் காப்பாற்றாது.

ஒரு வாசகத்தைப் படிக்க முடிகிறதா என்பதை முதலில் முடிவு செய்வது வெளிச்ச வேறுபாடு. நிறத்தின் பெயர் அதற்குப் பிறகுதான். சிவப்பா நீலமா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும்போது, வெயிலில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளருக்குத் தேவைப்படுவது எழுத்தும் பின்னணியும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருப்பதுதான். கைப்பேசியின் அணுகல்தன்மை (accessibility) அமைப்புகளில் திரையைச் சாம்பல் நிறமாக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு உங்கள் பக்கத்தை ஒரு முறை பாருங்கள்.

வெளிச்ச வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தால் போதாதா? அளந்துதான் ஆக வேண்டுமா?

அளந்துவிடுங்கள். உங்கள் கண் அந்தப் பக்கத்தை நூறு முறை பார்த்துப் பழகிய கண்.

இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை நெறிமுறைகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எத்தனை மடங்கு வேறுபடுகின்றன என்ற விகிதம். தூய வெள்ளையில் தூய கறுப்பு 21:1. அதற்கு மேல் எதுவும் இல்லை. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும். 24 பிக்சலோ அதற்கு மேலோ உள்ள பெரிய எழுத்துக்கு 3:1 போதும். பொத்தானின் விளிம்பு, படிவத்தின் பெட்டி போன்றவற்றுக்கும் 3:1 வேண்டும் என்பது 2018இல் வந்த பதிப்பில் சேர்க்கப்பட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணிப்பான்களில் இரண்டு நிறங்களைக் கொடுத்தால் விடை ஒரு நொடியில் வந்துவிடும்.

எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. (இதில் வரும் ஆறிலக்க எண்கள் நிறங்களின் குறியீடுகள்; விளக்கம் பின்னால் வருகிறது.) வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற சாம்பல் 4.54:1 பெற்றுத் தேறிவிடும். 777777 என்ற சாம்பல் 4.48:1 பெற்றுத் தோற்றுவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றுண்டி வியாபாரத்துக்குப் பட்டியல் பக்கம் செய்தேன். பலகாரங்களின் பெயர்களை 999999 என்ற மெல்லிய சாம்பலில், சன்னமான எழுத்துருவில் அமைத்திருந்தேன். மடிக்கணினியில் பார்க்க மிகவும் நாகரிகமாக இருந்தது. தேக்கா உணவங்காடி நிலையத்தில், வெயில் சாய்ந்து விழும் ஓர் ஓர மேசையில், உரிமையாளரின் தாயார் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். கண்ணுக்கு அருகே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். “தயிர வடை” என்று படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏன் தம்பி, புள்ளியெல்லாம் வைக்க மறந்துவிட்டாயா?” என்று கேட்டார்.

புள்ளி இருந்தது. அந்த வெளிச்சத்தில் மறைந்திருந்தது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி மறைந்தாலும் சொல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். தமிழில் மெய் உயிர்மெய்யாகிவிடும். ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். அந்தச் சாம்பலின் விகிதம் 2.85:1தான் என்பதை அன்று மாலை அளந்து பார்த்தேன். 333333க்கு மாற்றினேன், 12.6:1. தமிழ் எழுத்துக்கு 4.5ஐக் குறைந்தபட்ச எல்லையாகக்கூட நான் இப்போது ஏற்பதில்லை. 7:1க்குக் கீழே போவதில்லை.

எங்கள் கடைப் பலகை சிவப்பில் மஞ்சள் எழுத்து. இணையத்தளத்திலும் அப்படியே வேண்டும்.

வைக்கலாம், ஆனால் அதே சிவப்பில் அல்ல. திரையில் தூய சிவப்பின் மேல் தூய மஞ்சள் 3.7:1தான் வரும். பலகையில் எழுத்து முழ உயரம், அதனால் தெருவின் மறுபக்கத்திலிருந்தும் தெரிகிறது. கைப்பேசியில் முகவரியையும் திறக்கும் நேரத்தையும் அதே சேர்க்கையில் போட்டால் கண் கூசும்.

சிவப்பைக் கொஞ்சம் அரக்குப் பக்கம் நகர்த்துங்கள். 990000 என்ற கருஞ்சிவப்பின் மேல் அதே மஞ்சள் 8.3:1, வெள்ளை 8.9:1. பார்க்கிறவர் யாரும் இது எங்கள் கடைச் சிவப்பு இல்லை என்று சொல்லமாட்டார். தலைப்புப் பட்டையில் மட்டும் இந்தச் சேர்க்கையை வைத்துவிட்டு, படிக்க வேண்டிய பகுதியை வெள்ளையில் கறுப்பாக விட்டுவிடுங்கள்.

இதே கதைதான் ஆரஞ்சுக்கும். ஆரஞ்சுப் பொத்தானில் வெள்ளை எழுத்து வைக்கச் சொல்லிக் கேட்காதவர் குறைவு. சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0 என்ற வழக்கமான ஆரஞ்சில் வெள்ளை 2:1ஐக்கூடத் தொடாது. கறுப்பு வைத்தால் 10:1ஐத் தாண்டும்.

நிறச் சக்கரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பிழைக்கலாம்.

நியூட்டன் முப்பட்டகத்தில் வெள்ளொளியைப் பிரித்தபோது கிடைத்தது சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் ஒரு நீளப் பட்டை. 1704இல் வெளியிட்ட நூலில் அந்தப் பட்டையின் இரண்டு நுனிகளையும் வளைத்துச் சேர்த்து வட்டமாக்கிக் காட்டினார். அந்தத் தையல் போட்ட இடத்தில்தான் நம் வாடாமல்லி நிறம் உட்கார்ந்திருக்கிறது. வானவில்லில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. சிவப்பொளியும் நீலவொளியும் சேர்ந்து கண்ணில் விழும்போது மூளை உண்டாக்கிக்கொள்ளும் நிறம் அது.

பள்ளி ஓவிய வகுப்பில் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று படித்திருப்பீர்கள். அது சாயத்தின் கணக்கு. சாயம் ஒளியை விழுங்கும். சேர்க்கச் சேர்க்க இருளும். திரை ஒளியை உமிழும். சேர்க்கச் சேர்க்க வெளுக்கும். திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள், நீலமும் வந்து மூன்றும் முழுதாகச் சேர்ந்தால் வெள்ளை. அதனால் ஓவியரின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை நிற்கும். திரையின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சைநீலம் நிற்கும். எந்தச் சக்கரத்தைப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

சக்கரத்தில் அடுத்தடுத்து இருப்பவை சண்டை போடாது. எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஒரே நிறத்தை வெளிறியும் அடர்ந்தும் பயன்படுத்தினால் தவறு நேர வாய்ப்பு மிகக் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் எப்போதும் கடைசி வழியைத்தான் சொல்வேன்.

அந்த ஆறிலக்கக் குறியீடு என்ன?

இரண்டிரண்டு இலக்கமாகப் பிரியுங்கள்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பதினாறின் அடிமானத்தில் எழுதுவதால் இடையில் எழுத்துகளும் வரும். மேலே சொன்ன 990000 என்பதில் சிவப்பு 153, மற்ற இரண்டும் பூஜ்யம். மூன்று 256களைப் பெருக்கினால் 16,777,216 நிறங்கள். உங்களுக்கு வேண்டியது விரல்விட்டு எண்ணக்கூடிய சில.

கையால் மாற்றிப் பார்க்க எச்எஸ்எல் முறை எளிது. சக்கரத்தில் எத்தனை பாகை, எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிச்சம் என்று மூன்று எண்கள். சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த முறையில் தூய மஞ்சளுக்கும் தூய நீலத்துக்கும் வெளிச்சம் ஒரே 50 விழுக்காடுதான். நம் கண்ணுக்கு அப்படியா தெரிகிறது? ஒளி அளவைக் கணக்கிடும் சூத்திரத்தில் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722 பங்கு. அதனால் வெள்ளையில் மஞ்சள் எழுத்து 1.07:1, அதாவது இல்லாததற்குச் சமம். நீல எழுத்து 8.6:1. எண்ணை நம்பி எல்லா நிறங்களுக்கும் ஒரே வெளிச்சம் கொடுத்துவிட்டு, மஞ்சள் மட்டும் ஏன் காணவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

மொத்தம் எத்தனை நிறங்கள் வைக்கலாம்?

மூன்று. வீட்டு உள்ளலங்காரக்காரர்கள் 60-30-10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதன்மை நிறம் 60 விழுக்காடு, துணை நிறம் 30, எடுப்பான நிறம் 10. புடவை கட்டத் தெரிந்த வீட்டில் இதை விளக்கவே தேவையில்லை: உடல் ஒரு நிறம், கரையும் முந்தானையும் இன்னொன்று, நடுவில் சரிகை. முந்தானை அளவுக்குச் சரிகை உடல் முழுக்கப் படர்ந்தால் அது கல்யாணப் புடவை; அன்றாடம் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. இணையத்தளம் அன்றாடப் புடவை.

ஒருவர் கெர்பாவ் சாலையில் இருக்கும் டான் டெங் நியா வீட்டின் படத்தைக் காட்டி, “இதுபோல இருக்க வேண்டும்” என்றார். 1900இல் ஒரு சீன வணிகர் கட்டிய வீடு. இன்று கதவுக்கு ஒன்று, சன்னலுக்கு ஒன்று என்று பளீர் நிறங்களில் நிற்கிறது. எனக்கும் அந்த வீடு பிடிக்கும். ஆனால் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சுவரில் கட்டண விவரத்தை எழுதி வைத்து யாரும் நம்மைப் படிக்கச் சொல்வதில்லை. அவருக்கு அந்த வீட்டின் படத்தையே முகப்பில் பெரிதாகப் போட்டு, மற்ற இடமெல்லாம் வெள்ளையாக விட்டேன். திருப்தியாகப் போனார்.

நான் கொடுத்த அதே பச்சைதான். பக்கத்தில் வேறு மாதிரி தெரிகிறதே, மாற்றிவிட்டீர்களா?

மாற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாறிவிட்டார்.

1824இல் பாரிஸின் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம் இதே புகார் வந்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே நெய்த கறுப்பு நூல் செத்துப்போய்த் தெரிகிறது, சாயம் சரியில்லை என்றார்கள். சாயத்தைச் சோதித்தார், குறை எதுவும் இல்லை. ஒரு நிறம் தன் அருகில் உள்ள நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது என்று கண்டுபிடித்து, 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். 102 வயது வரை வாழ்ந்த மனிதர்.

நம் புடவைக் கடைகளில் இதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். மாம்பழ மஞ்சள் எடுபடவில்லை என்று நீங்கள் முகம் சுளித்தால் கடைக்காரர் வேறு மஞ்சளைத் தேடமாட்டார். அதன் மேல் ஒரு கத்தரிப்பூ நிற ரவிக்கைத் துணியைப் போட்டுக் காட்டுவார். திரையிலும் அதைத்தான் செய்ய வேண்டும். நிறத்தைத் தனிக் கட்டமாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது எதன் மேல், எதன் அருகில் உட்காரப் போகிறதோ அங்கேயே வைத்துப் பாருங்கள். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்தை மட்டும் எங்கேயும் வைக்காதீர்கள். விளிம்பு துடிப்பது போலத் தெரியும், வேறுபாடும் 2.15:1தான்.

எந்த நிறப் பொத்தான் வைத்தால் விற்பனை கூடும்?

அப்படி ஒரு நிறம் இருந்தால் நான் இந்நேரம் வேலையை விட்டிருப்பேன். பக்கத்தில் வேறெங்கும் இல்லாத நிறமாக அது இருக்கட்டும். அவ்வளவுதான்.

சிவப்பு மங்கலமா, எச்சரிக்கையா?

சிங்கப்பூரில் இரண்டும். சீனப் புத்தாண்டில் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை சிவப்பு, நோன்புப் பெருநாளில் கொடுக்கும் உறை பச்சை, நம் வீட்டுப் பத்திரிகையில் நான்கு மூலையிலும் மஞ்சள். தேசியக் கொடியின் சிவப்பு உலக சகோதரத்துவத்தையும் மனித சமத்துவத்தையும் குறிக்கிறது. கொடியின் வெள்ளை தூய்மையைக் குறிக்கிறது. சீனர் வீட்டுத் துக்கத்திலும் வெள்ளைதான். சீனப் பங்குச்சந்தைத் திரையில் சிவப்பு ஏற்றம். இங்கே நாம் சிவப்பைப் பார்த்தால் இறக்கம் என்று நெஞ்சில் கை வைக்கிறோம்.

எனவே நிறத்துக்குப் பிறவிப் பொருள் எதுவும் இல்லை. இடத்தைப் பொறுத்தே பொருள் வருகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கடை நிறமே சிவப்பு என்றால், படிவத்தில் “தொலைபேசி எண் தவறு” என்ற செய்தியும் சிவப்பில் வந்தால் யார் கண்ணிலும் படாது. அந்தச் செய்திக்கு ஒரு குறியையும் ஒரு கட்டத்தையும் சேர்த்துவிடுங்கள்.

நிறக்குருடு உள்ளவர்கள் சிலர்தானே? அவர்களுக்காக மாற்ற வேண்டுமா?

ஐரோப்பிய வழி ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு உண்டு. நம் வட்டாரத்தில் அது குறைவு, ஆனால் ஒரு வகுப்பறையில் ஒருவராவது இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றோடொன்று குழம்பும், நீலமும் ஊதாவும்கூட.

நம் எம்ஆர்டி ரயில் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கு தெற்கு வழித்தடம் சிவப்பு, கிழக்கு மேற்கு பச்சை, தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பழுப்பு. வடகிழக்கு ஊதா, டௌன்டவுன் நீலம். குழம்பக்கூடிய நிறங்கள் அத்தனையும் ஒரே தாளில்! ஆனாலும் யாரும் தொலைந்துபோவதில்லை. லிட்டில் இந்தியா நிலையத்துக்கு என்இ7, டிடி12 என்று இரண்டு குறியீடுகள்; நிறம் தெரியாதவர் எழுத்தையும் எண்ணையும் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார். 2022ஆம் ஆண்டு இறுதியில் பானப் பெட்டிகளுக்கு வந்த, சர்க்கரை, கொழுப்பு அளவைத் தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரையும் அப்படித்தான்: நிறத்தோடு ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் இருக்கிறது.

உங்கள் பக்கத்தில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குச் சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தால் ஒருவர் தவறான சாப்பாட்டை வாங்கிவிடுவார். “சைவம்” என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

மூத்தோரையும் மறக்க வேண்டாம். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளடிக்கும். நீலமும் ஊதாவும் மங்கிக் கறுப்போடு சேர்ந்துகொள்ளும். கருநீலத்தில் இணைப்பு, கறுப்பில் வாசகம் என்று வைத்தால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. இணைப்புக்கு அடிக்கோடு போடுங்கள்.

கறுப்புப் பின்னணி நன்றாக இருக்குமா?

நகைக்கடைக்கு நன்றாக இருக்கும். நீளமான வாசகத்துக்கு வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் முழுக் கறுப்புக்குப் பதில் 121212 போன்ற கரும்சாம்பல், முழு வெள்ளைக்குப் பதில் சற்று மங்கிய வெள்ளை. முழுக் கறுப்பில் முழு வெள்ளை எழுத்து, பார்வைச் சிதறல் உள்ளவர்களுக்குக் கசிந்து தெரியும். ண, ஞ, ஐ போன்ற சுழியுள்ள எழுத்துகளின் உள்ளிடம் அடைபட்டுவிடும்.

கைப்பேசியில் ஒரு நிறம், கணினியில் ஒரு நிறம், அச்சடித்த அட்டையில் இன்னொன்று. எது உண்மை?

எதுவும் உண்மை இல்லை. 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவுக்குள் பேசினால் பெரும்பாலான திரைகள் ஓரளவு ஒத்துப்போகும். இரவு நேர மஞ்சள் வடிகட்டியைப் போட்டு வைத்திருப்பவரை எதுவும் செய்ய முடியாது. அச்சு நான்கு மைகளின் உலகம். திரையின் பளீர் கிளிப்பச்சையை அந்த மைகளால் எட்ட முடியாது. அட்டையின் மாதிரி அச்சைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஆயிரம் பிரதிக்குப் பணம் கட்டாதீர்கள். துணி விற்பவர்கள் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் போடுங்கள். திருப்பி அனுப்பப்படும் பொட்டலங்கள் குறையும்.

தீபாவளிக்கு நிறத்தை மாற்றலாமா?

முகப்புப் படத்தையும் ஒரு பட்டையையும் மாற்றுங்கள். பொத்தானைத் தொடாதீர்கள், பழகியவர் அதைத்தான் தேடுவார்.

எனக்கு வேண்டிய நிறம் மனத்தில் இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை.

“நல்ல நீலம்” என்று சொல்லாதீர்கள். அதில் ஓராயிரம் இருக்கிறது. தமிழில் நிறத்துக்குப் பெயர் வைத்தவர்கள் பொருளைக் காட்டித்தான் வைத்தார்கள்: மாந்துளிர், கிளிப்பச்சை, செங்கல், அரக்கு, எலுமிச்சை. இவற்றில் ஒன்றைச் சொன்னால் நான் ஏறக்குறைய அருகில் வந்துவிடுவேன். ‘மயில் கழுத்து’ மட்டும் தொல்லை. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் ஓட்டி நெய்வதால் அசைக்க அசைக்க மாறும் அது. அசையாத திரையில் நீலத்தையோ பச்சையையோ ஒன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயரும் கிடைக்கவில்லை என்றால் பொருளையே கொண்டு வாருங்கள்: ரவிக்கைத் துணியின் ஒரு துண்டு, பழைய பத்திரிகை உறை, எதுவானாலும் சரி. சன்னலோரம் வைத்துப் பார்ப்போம். கடையின் மஞ்சள் விளக்குக்குக் கீழே வேண்டாம்.